முத்திரை இல்லாத கவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராயப்பராஜ் ஐயா அவர்களே! சமுதாயக் கூடத்தை எங்களுக்குத் திறந்துவிட்ட மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே! என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் டாக்டர் இனிகோ அவர்களே! நாகல் நகரிலிருந்தும் அகரத்திலிருந்தும், இரண்டு பஸ் மாறிக் குஜிலியம்பாறையிலிருந்தும் வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெருமக்களே! முதல் வரிசையில் தலை குனிந்திருக்கும், மறைந்த நம் சிஸ்டரின் ஒரே மகள் ரூபி அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜமால் முகமது. நாகல் நகரில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நாமெல்லாம் சிஸ்டர் என்று கூப்பிட்ட செவிலியர் பிரிஸ்கில்லா அம்மையார் அவர்களைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதில் 'தியாகச் சுடர்' என்று நான்கு இடத்தில் வருகிறது. சிஸ்டர் காதில் விழுந்திருந்தால், "சுடரை அணைச்சுட்டு மருந்தை எடுங்க பாய், ஆட்டோ நிக்குது" என்றிருப்பார். அந்தத் தாள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதை நான் படிக்கப் போவதில்லை.

ஏன் படிக்கப் போவதில்லை? நேற்று முப்பதாம் நாள் பூசை முடிந்து, மாலையில் ரூபி என் கடைக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் காகிதக் கவர், மாத்திரை போட்டுக் கொடுக்கிற கவர். கடையில் வேறு ஆள் இல்லை. அவர் கேட்டார்: "அங்கிள், அம்மா அலமாரியில இந்த மாதிரிக் கவர் நூத்துக்கணக்குல இருக்கு. எல்லாத்துலயும் ஒரு செவப்பு முத்திரை இருக்கு. அம்மாவுக்குன்னு நான் வாங்கிட்டுப் போன இந்தக் கவர்ல மட்டும் ஏன் இல்ல?"

அன்பர்களே! மருந்துக்கடைக்காரன் வாயில் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கும். வயிற்றுவலியா, தலைசுற்றலா, மாமியார் மருமகள் சண்டையா, எதற்கும் ஏதாவது சொல்வோம். நேற்றோ, கணக்குப் பார்க்கிறவன் போல டிராயரைத் திறந்து மூடினேன். செத்த நேரம் நின்றுவிட்டு ரூபி போய்விட்டார். அந்தப் பதிலை இன்று உங்கள் அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வந்திருக்கிறேன். சொல்வது சரியா, இரங்கல் கூட்டத்தில் சொல்லக்கூடிய விஷயமா இது, எதுவும் எனக்குப் புரியவில்லை. குழம்பிப் போய்த்தான் நிற்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த முத்திரை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம். சிஸ்டர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஓய்வா எடுத்தார்? காலையில் பூசை முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் பஞ்சும் துணியும் வைத்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் வீடு வீடாகப் போவார். சாதி கேட்டாரா? மதம் கேட்டாரா? "முதுகுல புண்ணு இருக்கா?" என்று மட்டும்தான் கேட்பார்.

அகரத்தில் பேச்சிமுத்து என்று வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி. அவர் மக்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். மனிதர் கிணற்றுமேட்டில் விழுந்து தொடை எலும்பு முறிந்து படுத்திருந்தார். ராத்திரியெல்லாம் வலியில் சத்தம். மகன் என் கடைக்கு வந்து தூக்க மாத்திரை கேட்டான். டாக்டர் சீட்டு இல்லை. நான் கொடுத்தேன். ஆம், கொடுத்தேன்! சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அப்போது அது எங்களுக்குப் பெரிய தப்பாகப் படவில்லை. ராத்திரிக்கு ஒன்று என்று சொல்லி அனுப்பினேன். அப்பா நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து, மகன் பகலுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறான். பாசத்தில்தான் கொடுத்தான்.

மூன்றாம் நாள் பேச்சிமுத்து கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு கர் கர் என்று இழுத்தது. அவ்வளவுதான், கடைசி மூச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். குஜிலியம்பாறைச் சொந்தமெல்லாம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தது. பிறகு என்ன செய்வோம் நாம்? பால் ஊற்றுவோம். மகன் ஒரு கரண்டி, மகள் ஒரு கரண்டி, தம்பி ஒரு கரண்டி. கண்ணீரோடு, அன்போடு, தூங்குகிற மனிதரின் வாயில் வரிசையாக ஊற்றினார்கள். பக்கத்துத் தெருவில் புண்ணுக்குக் கட்டுப் போட வந்த சிஸ்டர் அழுகைச் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். பார்த்தார். கும்பலை விலக்கிப் பேச்சிமுத்துவை ஒருக்களித்துப் புரட்டினார். வாயிலிருந்து பால் வழிந்தது. "இவரு சாகலை, தூங்குறாரு. நீங்கதான் மூச்சை அடைக்கிறீங்க" என்றாராம். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் பால் இறங்கி நிமோனியாக் காய்ச்சல். இருபது நாள் கிடந்தார். பிழைத்தார்!

பிழைத்தது மட்டுமா? அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்து, பால் ஊற்றியவர்கள் அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்டித் தீர்த்தார். "எல்லாரும் ஒரு கரண்டி ஊத்துனாங்கெ. எந்தம்பி மட்டும் ரெண்டு கரண்டி ஊத்துனான்லே. ஒண்ணு பத்தாதுன்னு நெனச்சுப்புட்டான்" என்று என் கடை வாசலிலேயே நின்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. பேச்சிமுத்துவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு சிஸ்டர் நேராக என் கடைக்கு வந்தார். காலி மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். கத்தவில்லை. அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன்: "பாய், தூங்குறவன் தொண்டையும் தூங்கும். இருமலும் தூங்கும். இருமல்தான் நெஞ்சுக்குக் காவக்காரன். நீங்க காவக்காரனுக்கே மாத்திரை குடுத்துப்புட்டீங்க."

நான் ஒத்துக்கொண்டேனா? இல்லை! சண்டை போட்டேன். "நீங்க என்ன டாக்டரா? சளி பிடிச்சா மாத்திரை மேல பழியா?" என்று கேட்டேன். ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கர்வம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை வேறு. அதற்கு நான்கு வருடத்துக்கு முன்னால் என்னைப் பெற்ற அத்தா படுக்கையில் கிடந்தார். தூக்கமில்லாமல் புரண்டார். என் கடையிலிருந்து நானே மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அரைத் தூக்கத்தில் இருந்தவர் வாயில் நானே கஞ்சியைப் புகட்டினேன். ஒன்பதாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மௌத்தாகிவிட்டார். சிஸ்டர் சொல்வது உண்மையென்றால் என் அத்தாவை நான் என்ன செய்திருக்கிறேன்? அதனால்தான் சண்டை போட்டேன். அவர் பொய் சொல்கிறார் என்று இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் தாங்க முடியாமல் இதை அவரிடமே கொட்டிவிட்டேன். அவர் ஆறுதல் சொல்லிக் கையைப் பிடிக்கிற ஆளில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "அதுதான் காரணமான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஆனா பாய், தெரியாமச் செஞ்சது வேற. தெரிஞ்சும் சொல்லாம விடுறது வேற. இனிமே சொல்லாம விட்டா நீங்க ரெண்டாவது கட்சி." இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் பெருமக்களே. இந்த வார்த்தைதான் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

அடுத்த வாரம் ஒரு ரப்பர் முத்திரையோடு வந்தார். 'எழுப்பி, உட்கார வைத்து, பேச வைத்து, பிறகே ஊட்டவும்.' ஒரே ஒரு வரி! சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன். சீட்டோடு கொடுத்தால் கவரில் இந்த முத்திரையைக் குத்தி, வாயாலும் சொல்லி அனுப்புவேன். நான் குத்துகிறேனா என்று சிஸ்டர் நம்பினாரா? எங்கே! போகிற வீட்டிலெல்லாம் காலிக் கவரை வாங்கிப் பார்ப்பார். கூடையில் போட்டுக்கொண்டு போவார். ரூபி, அலமாரியில் நீ பார்த்த நூற்றுக்கணக்கான கவரும் அப்படிச் சேர்ந்தவைதான். பதினோரு வருடம் உன் அம்மா என்னைப் பரீட்சை வைத்தார்.

'பேச வைத்து' என்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. படுத்திருப்பவர் பெண்ணென்றால், "உன் மாமியா பேரு என்ன, சொல்லு" என்பார். சும்மா பேரைச் சொன்னால் போதாது. பேரோடு சேர்த்து இரண்டு வசவு வர வேண்டும். அப்போதுதான் முழிப்பு வந்துவிட்டது, இனிக் கஞ்சி கொடுக்கலாம் என்பார். ஆம்பிளை என்றால் வரப்புச் சண்டையைக் கேட்பார். எத்தனை மாமியார்கள் இந்த ஊரில் இப்படி உயிர் காப்பாற்றியிருக்கிறார்கள்! எத்தனை வரப்புகள்! சிரியுங்கள், தப்பில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

பாலையே வேண்டாம் என்று சொன்னவரும் இல்லை. பேச்சிமுத்து இரண்டாயிரத்தில் உண்மையாகவே போகும்போது சிஸ்டர்தான் பக்கத்தில் இருந்தார். பஞ்சைப் பாலில் நனைத்து எல்லோர் கையிலும் கொடுத்து, "உதட்டுல தொட்டு வைங்க, தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க" என்றார். தம்பிக்கு மட்டும் ஒரு தடவைதான் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சரி. இனி நான் வளைத்து வளைத்துப் பேச முடியாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சிஸ்டர் கோயில் படியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. எழுபது வயது. சென்னையிலிருந்து ரூபி வந்தார். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து ரூபி அங்கேதான். அம்மாவின் கூடையும் தெரியாது, என் முத்திரையும் தெரியாது. வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமசுக்கு வருகிற பிள்ளையிடம் யார் இதையெல்லாம் சொல்வார்கள்? படுத்த மூன்றாம் வாரத்தில் நான்கு ராத்திரி சிஸ்டருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. டாக்டர் இனிகோ, வேறு வழியில்லாமல், குறைந்த அளவில் ராத்திரிக்கு அரை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் தப்பொன்றுமில்லை. சிஸ்டரே, "ஜமால் பாய் கடையில வாங்கிட்டு வா" என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

ரூபி சீட்டை நீட்டினார். மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டேன். முத்திரை என் வலக்கைப் பக்கம்தான் இருந்தது. எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? சிஸ்டர் வீட்டுக்குப் போகிற கவரில் சிஸ்டரின் முத்திரையையே குத்துவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்பதா? பார்த்தால், "எனக்கே பாடம் நடத்துறீங்களா பாய்" என்று நினைக்க மாட்டாரா? மரியாதை, பெருமக்களே! மரியாதைக்காக வைத்துவிட்டேன். ரூபி நல்ல பிள்ளை, கவனமான பிள்ளை. "இதைக் குடுக்குறப்ப வேற ஏதாவது பாத்துக்கணுமா அங்கிள்?" என்று வாய்விட்டுக் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உங்க அம்மாவுக்குத் தெரியாததா?"

சிஸ்டருக்குத் தெரியும். ஆனால் மாத்திரை போட்டுத் தூங்குகிற சிஸ்டருக்கு? விதியைச் சொன்னவரே தூங்கிவிட்டால் அந்த விதியை யார் எடுத்துச் சொல்வது? பதினோரு வருடம் முத்திரை குத்தியவன் மூளைக்கு இது எட்டவில்லையே! ரூபி காலையில் கஞ்சி காய்ச்சி, கண் சொக்கிக் கிடந்த அம்மாவுக்கு, பசித்திருப்பாரே என்று படுத்தவாக்கிலேயே ஊட்டியிருக்கிறார். மாத்திரை தொடங்கிய ஏழாம் நாள் காய்ச்சல். பத்தாம் நாள் நிமோனியா என்றார்கள். பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ரூபி, "நானே கஞ்சி ஊத்திக் கொன்னுட்டேன்" என்று சொன்னதை உங்களில் பலர் கேட்டீர்கள். நானும் கேட்டேன். கேட்டுக்கொண்டு, ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதுதான் காரணமா? டாக்டர் இனிகோவிடம் மூன்று தடவை கேட்டேன். "இடுப்பு ஒடிஞ்சு ஒரு மாசம் அசையாமப் படுத்திருந்தா மாத்திரை இல்லாமலும் நிமோனியா வரும் பாய். மாத்திரையாலயும் வந்திருக்கலாம். யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது" என்கிறார். படித்தவரே அப்படிச் சொன்னால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? ஒருநாள் நான் கொலைகாரன் என்று தோன்றுகிறது. மறுநாள் வயதானவர், விழுந்தார், போனார் என்று தோன்றுகிறது. இரண்டும் ஒரே நாளில் தோன்றுவதும் உண்டு. ஒரு மாதமாகத் தூக்க மாத்திரையே விற்காமல் இருந்து பார்த்தேன். அதுவும் சரியாகப் படவில்லை. சீட்டோடு வந்தவர்கள் வேறு கடைக்குப் போய் முத்திரை இல்லாமல் வாங்கிப் போனார்கள். வலியில் கிடக்கிறவனுக்குத் தூக்கம் வேண்டாம் என்று சிஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை.

இத்தனை குழப்பத்திலும் ஒன்றே ஒன்று எனக்குத் தெளிவாக இருக்கிறது. தெரியாமல் செய்தது வேறு, தெரிந்தும் சொல்லாமல் விடுவது வேறு. ரூபி முதல் கட்சி. நான் இரண்டாவது கட்சி. அந்தக் கவரில் ஏன் முத்திரை இல்லை என்று கேட்டாயே அம்மா, நான் குத்தாததால்தான் அதில் முத்திரை இல்லை. நீ கேட்டும் நான் சொல்லாததால் உனக்குத் தெரியவில்லை. பழி இருக்கிறதோ இல்லையோ, அல்லாஹ் அறிவான். இருந்தால் அதை வைக்க வேண்டிய இடம் என் கடை மேசை. உன் கஞ்சிக் கிண்ணம் இல்லை. அகரத்துக்காரர்களும் குஜிலியம்பாறைக்காரர்களும் சாட்சியாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் இதை மைக்கில் சொல்கிறேன்.

பெருமக்களே! சிஸ்டரின் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக எனக்குக் காலில் பலமில்லை. அதற்கு இங்கே நான்கு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், வாழ்க அவர்கள்! என்னால் ஆனதை நான் சொல்கிறேன். இனி என் கடையிலிருந்து போகிற எந்தத் தூக்க மாத்திரைக் கவரும் முத்திரை இல்லாமல் போகாது. டாக்டர் வீட்டுக்குப் போனாலும் சரி, நர்ஸ் வீட்டுக்குப் போனாலும் சரி, நாளை எனக்கே வாங்கிப் போனாலும் சரி. மரியாதைக்காக ஒருவரையும் விட மாட்டேன். வாங்குகிறவர் முகம் சுளித்தாலும் வாயால் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். சிஸ்டர் மேல் ஆணை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே வெறுமனே சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று ரூபி அந்தக் கேள்விக்காக மட்டும் வரவில்லை. அவர் கையில் ஒரு சீட்டும் இருந்தது. தனக்குத் தூக்கமில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கியிருந்தாராம். நான் டிராயரைத் திறந்து மூடிக்கொண்டு நின்றதில் அதை நீட்டாமலே போய்விட்டார். முப்பது நாளாக இந்தப் பிள்ளை வீட்டில் யாரோடும் பேசவில்லையாம், சரியாகச் சாப்பிடவும் இல்லையாம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அவர் மாமியார் அம்மாதான் இதையெல்லாம் சற்று முன் என்னிடம் சொன்னார். ரூபி, மாத்திரை வேண்டுமென்றால் தருகிறேன், முத்திரையோடு தருகிறேன். ஆனால் உன் அம்மா முத்திரையில் போட்ட வரிசைதான் எனக்கு வரிசை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று இருக்கிறது. தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கிறேன். மௌனமாக இருப்பவர்களைக் கண்டால் சிஸ்டருக்குப் பயம். பின்னால் டீயும் பன்னும் வந்துவிட்டது, அதுவும் காத்திருக்கட்டும்.

ரூபிம்மா, எந்திரி. நிமிர்ந்து உக்காரு. பக்கத்துல இருக்குறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க, நான் கேட்டு வச்சுட்டேன்.

உன் மாமியா பேரு என்ன? சொல்லும்மா. நாங்க அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு இருக்கோம்.